திரிப்போலி – ராஸ் அஜ்தீர் டாக்ஸி: ஐந்துக்கு நான்கு

பெயர் போட வேண்டாம் என்று டிரைவர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. லிபியாவில், திரிப்போலியில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் நர்ஸ் சிஸ்டர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம், ஆகஸ்ட் 2014-ல், நாங்கள் மூன்று பேர் இந்த வண்டியில்தான் துனிசியா எல்லையில் இருக்கும் ராஸ் அஜ்தீருக்கு வந்தோம்.

ஏர்போர்ட்டை நம்ப வேண்டாம். ஜூலை 13 முதல் ஜின்தான், மிஸ்ராத்தா என்ற இரண்டு ஊர்களின் ஆயுதக் குழுக்காரர்கள் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். 2011-ல் கடாஃபிக்கு எதிராக ஒரே பக்கம் நின்றவர்கள்தான். எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்த அன்று மாடியில் காயப்போட்ட யூனிஃபார்மில் கரி படிந்தது, இன்னும் போகவில்லை.

வண்டி பழைய ஹூண்டாய், ஏசி கிடையாது. ஆளுக்கு 120 தினார் என்று பேசிவிட்டு, கிளம்பும்போது 150 கேட்டார். பெட்ரோல் கிடைக்கவில்லையாம். ஒரு ஸ்டார் போனது அதற்குத்தான்.

மற்றபடி நாம் காசு கொடுப்பது காருக்கு இல்லை, அவர் வாய்க்கு. சுமார் 170 கிலோமீட்டரில் பதினான்கு செக்போஸ்ட் எண்ணினேன். அங்கே நிற்பவர்களின் உடை எங்கும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களும் அதில் உண்டு; ஆனால் கேட்பது அவரவர் ஊர்க் கமாண்டர் சொல்லைத்தான். ஜன்ஸூரில் ஒரு பேச்சு, ஸாவியாவில் ஒரு பேச்சு, ஸுவாராவில் வேறு பேச்சு என்று டிரைவர் மாற்றிக்கொண்டே வந்தார். 27-ம் பாலத்துக்கு முன்னால் ஓரம்கட்டி, மச்சானுக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டு, உள்ரோட்டில் திருப்பினார். "வேன் மாஷியீன்?", எங்கே போகிறீர்கள் என்று எவன் கேட்டாலும், "முமர்ரிதாத்" என்பார், நர்ஸுகள் என்று. துப்பாக்கி கொஞ்சம் தாழும்.

ஓரிடத்தில் பதினேழு வயது இருக்குமா என்ற பையன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தான். பிறகு சட்டைக்கையைச் சுருட்டி, தையல் போட்ட இடத்தைக் காட்டி, சீழ் வைத்திருக்கிறதா என்று கேட்டான். வைத்திருந்தது. கையில் இருந்த காஸ் துணியை வைத்துக் கட்டிவிட்டேன். எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கவில்லை. வார்டிலும் கேட்டதில்லை, கேட்டால் கட்டிலருகே நிற்பவன் முறைப்பான்.

எல்லைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே இறக்கிவிடுவார், அப்புறம் நடைதான். எகிப்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆனது. ஒரே பை, ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர். போனில் படம் இருந்தால் அழித்துவிடுங்கள், பார்க்கிறார்கள்.

நம்பர் வேண்டுமென்றால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். காலையில் ஆறு மணிக்கு முன்னால் கூப்பிட்டால்தான் எடுப்பார்.