சிட்லபாக்கம்: ஏரி நிறைந்திருக்கிறது, தெருவின் மட்டம்தான் சரியில்லை

2025 பொங்கலை ஒட்டி, சென்னையின் தென்புறநகரில் தாம்பரத்துக்கு அருகே உள்ள எங்கள் சிட்லபாக்கம் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் மேம்பாலத்தைப் பற்றியோ குப்பையைப் பற்றியோ எழுதுவது வழக்கம். நான் முதலில் ஏரியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பகுதியில் அரசும் மக்களும் சேர்ந்து செய்த காரியங்களில் அதற்கு இணையாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் 86 ஏக்கருக்குப் பரந்திருந்த ஏரி, ஆக்கிரமிப்பால் ஐம்பது ஏக்கருக்கும் கீழே சுருங்கிவிட்டது. நான் மெல்போர்னுக்குக் கிளம்பிய காலத்தில் ஒரு கரையில் குப்பை மேடு இருந்தது. மறுபக்கம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, நடுவில் வீட்டுக் கழிவுநீர். 2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டபோது, ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற குடியிருப்போர் அமைப்பினர் காய்ந்த ஏரிக்குள் தாங்களே இறங்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. குப்பை மேடு போனது, கரை பலப்பட்டது, நடைபாதை வந்தது.

இப்போது காலை ஐந்தரைக்கே கரையில் கூட்டம். நீர்க்காகமும் கொக்கும் வந்து இறங்குகின்றன. எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது எங்கள் வீட்டுக் கிணறு. சித்திரை பிறப்பதற்கு முன்பே தண்ணீர் லாரிக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்த அம்மா, இப்போது கோடையிலும் மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிறது என்கிறார். ஏரியைச் சீரமைப்பதை அழகுபடுத்தும் வேலையாக நினைப்பவர்கள் சுற்றியுள்ள தெருக்களின் கிணறுகளை எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே தெரியும், அந்தப் பணம் எங்கே போயிருக்கிறது என்று.

ஆனால் ஏரி தனியாக நிற்பதில்லை. எங்கள் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். செம்பாக்கம் ஏரியையும் சீரமைத்திருக்கிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி பள்ளிக்கரணைக்கு 2022இல் கிடைத்தது. தலையும் வாலும் நன்றாகிவிட்டன. இடையில் அந்தத் தண்ணீர் கடக்க வேண்டிய தெருக்களைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம்.

அப்பா வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்கு வருவோம். இன்று தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். வீடு தாழவில்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்திருக்கிறது. சென்னைப் புறநகர் முழுக்க இதே கதைதான். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக் கொடுப்பது இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் அப்படித் தூக்கிவிட்டார். தூக்கப் பணம் இல்லாதவர்கள் வாசலில் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி, மழைநீர் உள்ளே வராமல் தடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு ஆணை இல்லாமல் இல்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீடுகள் தாழ்ந்துபோகாதபடி அதே மட்டத்தில்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதன்படி செய்த தெருக்களையும் பார்த்தேன். அடுத்த தெருவில் சுரண்டித்தான் போட்டிருக்கிறார்கள், அங்கே வாசற்படிகள் வாசற்படிகளாகவே இருக்கின்றன. எங்கள் தெருவில் அது நடக்கவில்லை. போதாததற்கு, புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலின் வாய் தெருமுனையில் சாலை ஓரத்தைவிட உயரமாக அமைந்துவிட்டது. உறுதியான கான்கிரீட், நல்ல மூடி, ஒழுங்கான வேலை. அதற்குப் பக்கத்திலேயே கணுக்கால் அளவுத் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது. வடிகால் ஒரு ஒப்பந்தம், சாலை இன்னொரு ஒப்பந்தம். இரண்டுக்கும் பொதுவாக ஒரே மட்டத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால் இந்தத் துன்பம் வந்திருக்காது.

அலுவலக வேலைகளில் நிலைமை எவ்வளவோ மேல். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, சிட்லபாக்கம் பேரூராட்சியும் அதில் கலந்தது. மொத்தம் 70 வார்டுகள். சின்ன ஊரின் குரல் பெரிய அமைப்பில் எடுபடாமல் போகுமோ என்று அப்போது அஞ்சினேன். சொத்து வரியைப் பொறுத்தவரை அந்த அச்சம் வீண். மெல்போர்னில் இருந்தபடியே இணையத்தில் கட்டுகிறேன், ரசீது உடனே வருகிறது. அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். 2022இல் வரியை உயர்த்தினார்கள். ஏரியையும் தெருவிளக்குகளையும் பார்த்த பிறகு அதைக் கட்ட எனக்கு மனக்குறை இல்லை.

அப்பாவின் பெயரிலிருந்த பட்டாவை அம்மாவின் பெயருக்கு மாற்ற, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். மையத்தில் இருந்த பெண் அம்மாவை உட்காரவைத்து, ஒவ்வொரு தாளையும் பொறுமையாகச் சரிபார்த்து ஏற்றினார். இறப்புச் சான்றிதழிலும் பத்திரத்திலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஊருக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

சொந்த ஊரான திருச்சிக்கு ஒருமுறை போய்வந்தேன். தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டில் இல்லை. 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும். சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு இது பெரிய வரம். கோயம்பேட்டுக்குப் போய், அதே ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் திரும்பிவந்து, நம் வீட்டுப் பக்கத்தையே கடந்து போகும் அலைச்சல் தீர்ந்தது. முனையம் விசாலமாகவும் சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அதை ஒட்டிய ரயில் நிலையம் நான் போனபோது கட்டுமானத்தில்தான் இருந்தது. இரவில் வந்து இறங்கும் குடும்பங்கள் பெட்டியும் குழந்தையுமாக மாநகரப் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அலைகின்றன. ரயில் நிலையத்தையும் சாலையைக் கடக்கும் நடைமேம்பாலத்தையும் முனையத்தோடு சேர்த்தே திட்டமிட்டு முடித்திருக்க வேண்டும். வடிகாலும் சாலையும் எங்கள் தெருமுனையில் சேராமல் நிற்பதும் இதுவும் ஒரே குறைதான்.

வியாபாரம் பெருகியிருப்பது கண்கூடு. குரோம்பேட்டையில் பெரிய ஜவுளிக்கடைகள் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தி.நகருக்குப் போகும் தேவை பாதியாகிவிட்டது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இன்னும் இந்தப் பகுதிக்குச் சோறு போடுகிறது. வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக வெளியே வரும் நேரத்தில்தான் அங்குள்ள காய்கறி, பூ வியாபாரம் சூடுபிடிக்கிறது. ஏரிக்கரையில் மாலையில் சுண்டல், இளநீர், அருகம்புல் சாறு விற்கிறார்கள். அவர்களுக்கு நிலையான இடமும் நிழலும் குப்பைக்கூடையும் கொடுத்தால் கரையும் சுத்தமாக இருக்கும், அவர்களும் விரட்டப்படும் பயமின்றிப் பிழைப்பார்கள். எங்கள் தெருவில் மாடி எடுப்பவர்களும் அதிகம். 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி என்பது 2024 ஜூலையில் வந்தது. அது நல்ல சலுகை. அனுமதி தரும்போதே தரைமட்டம் எவ்வளவு இருக்க வேண்டும், தெரு எந்த மட்டத்துக்கு மேல் உயராது என்பதையும் எழுதிக் கொடுத்தால் முழுமையாகும்.

2022 நவம்பர் 1 அன்று இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். அந்தச் சபை ஒவ்வொரு வார்டு மக்களுக்கும் உரியது. தெருக்காரர்கள் சேர்ந்து அதில் வைக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். அம்மாதான் முதல் கையெழுத்து. ஏரிக் கலங்கலின், அதாவது உபரிநீர் வழிந்து வெளியேறும் இடத்தின், மட்டத்தைத் தொடக்கமாக வைத்து, வடிகாலின் அடிமட்டம், சாலையின் மேல்மட்டம், ஒவ்வொரு வீட்டின் வாசல் மட்டம் ஆகியவற்றை அளந்து ஒரே வரைபடமாக வெளியிட வேண்டும். அந்த வரைபடத்தைக் காட்டாமல் எந்தச் சாலைக்கும் ஒப்பந்தம் விடக்கூடாது. கேட்டிருப்பது இவ்வளவுதான். ஆனி, ஆடி மாதங்களில் அளந்து முடித்தால் ஐப்பசி மழைக்குள் தெருமுனை வடிகால் வாயையாவது இறக்கிக் கட்டிவிடலாம்.