ஒரே வீடு, இரண்டு கபோன்கள்

வறுமைதான் குற்றவாளியை உருவாக்குகிறது என்பார்கள். அமெரிக்காவின் கபோன் சகோதரர்களைப் பாருங்கள். அப்பா நியூயார்க்கின் புரூக்ளினில் முடிதிருத்துபவர். இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பம்.

தம்பி அல் கபோன், பின்னாளில் பேர்போன குற்றக் கும்பல் தலைவர்: 14 வயதில் ஆசிரியையை அடித்ததோடு படிப்பு முடிந்தது. தெருவில் ஜானி டோரியோ என்ற கும்பல் தலைவர் சின்னச் சின்ன வேலை கொடுத்தார். கையில் காசு புழங்கியது. பிறகு அவரே சிகாகோவுக்கும் அழைத்துக்கொண்டார். 1931-ல் வரி ஏய்ப்புக்காக 11 ஆண்டு தண்டனை. 1934-ல் அல்காட்ராஸ் சிறை.

மூத்த அண்ணன் வின்சென்சோ: பதின்ம வயதிலேயே வீட்டைவிட்டு ஓடினார். ரிச்சர்ட் ஹார்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு நெப்ராஸ்காவில் மதுவிலக்கு அதிகாரியானார். சாராய ஊறல்களைத் தேடித்தேடி உடைத்தார்.

வறுமை மட்டும்தான் காரணமென்றால் அண்ணனும் கம்பி எண்ணியிருக்க வேண்டுமே? பள்ளி கைவிட்ட பையனை 'வாடா' என்று கூப்பிட யார் நின்றார்கள் என்பதுதான் வித்தியாசம் என்பேன். மற்றபடி அண்ணனும் சாதுவல்ல. 'இரட்டைத் துப்பாக்கி' என்பது அவருடைய பட்டப்பெயர்.