பெருவெடிப்புக்கு முன்னால் என்ன? போட்டியிடும் விடைகளில் எது தேறும்?

பெருவெடிப்பு நடந்ததா இல்லையா என்பதில் இன்று பெரிய தகராறு ஏதும் இல்லை. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் கற்பனைக்கு எட்டாத அடர்த்தியிலும் வெப்பத்திலும் இருந்தது, அப்புறம் விரிந்து குளிர்ந்தது. முதல் சில நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உருவாகியிருக்கும் என்று கணக்குப் போட்டால், அணுக்களாலான பொருளின் நிறையில் ஏறத்தாழ கால் பங்கு என்று விடை வருகிறது. வானத்தில் அளந்து பார்த்தாலும் அதே கால் பங்குதான். ஆக, முதல் நொடியிலிருந்து இந்தப் பக்கம் கதை நமக்கு நன்றாகவே தெரியும். சண்டையெல்லாம் அந்த நொடிக்குள், அதிலும் அதன் மிகச் சிறிய ஒரு துணுக்குக்குள். அந்த வெப்பக் குழம்பு எங்கிருந்து வந்தது? அதற்கு முன் ஏதாவது இருந்ததா?

விடைகள் பல களத்தில் இருக்கின்றன. எது அழகு, எது மனசுக்கு ஒத்துப்போகிறது என்று தேர்ந்தெடுத்தால் ஆளுக்கொன்று பிடிக்கும். எனவே நான் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்: வானத்தில் எதைக் கண்டால் நீ தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்வாய்?

இந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லித் தோற்ற கோட்பாடு ஒன்று உண்டு. 1948இல் ஃபிரெட் ஹாய்ல், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் மூவரும் முன்வைத்த நிலைமாறா அண்டம். தொடக்கமே கிடையாது, அண்டம் விரிய விரிய இடைவெளியில் புதுப் பொருள் தோன்றிக்கொண்டே இருக்கும், எந்தக் காலத்தில் பார்த்தாலும் ஒரே முகம்தான் என்றது அது. அப்படியானால் அண்டம் ஒருபோதும் கொதித்திருக்கக் கூடாது. அதே ஆண்டில் ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும், பழைய வெப்பத்தின் மிச்சம் சுமார் 5 கெல்வின் அளவில் இன்றும் இருக்கும் என்று கணித்திருந்தார்கள். 1965இல் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் தங்கள் ஆன்டெனாவை எந்தத் திசையில் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலை அறிவித்தார்கள். உள்ளே தங்கியிருந்த புறாக்களின் எச்சத்தைச் சுத்தம் செய்தும் போகவில்லை. அளவு 3.5 கெல்வின், பின்னால் துல்லியமாக அளந்தபோது 2.725. நிலைமாறா அண்டத்தின் கதை ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. தோற்றாலும் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. வழுக்கிக்கொண்டு ஓட இடமில்லாத மாதிரி தன்னைச் சொல்லிக்கொண்ட கோட்பாடு அது.

இப்போது முன்னணியில் இருப்பது இன்ஃபிளேஷன் என்று அறியப்படும் அண்ட வீக்கம். 1980ஐ ஒட்டி அலெக்ஸி ஸ்டாரோபின்ஸ்கி, ஆலன் குத் ஆகியோர் தொடங்கி வைத்தது. ஆந்த்ரே லிண்டே, ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், பால் ஸ்டைன்ஹார்ட் ஆகியோர் செப்பனிட்டது. அது தீர்க்க வந்த சிக்கல் இதுதான். பென்சியாஸும் வில்சனும் பிடித்த அந்த இரைச்சல்தான் நுண்ணலைப் பின்னணி, அண்டத்துக்கு 3,80,000 வயதானபோது கிளம்பிய ஒளி. வானத்தில் சுமார் 2 பாகைக்கு மேல் விலகியிருக்கும் இரண்டு இடங்கள், அதாவது நான்கு முழுநிலவு அகலம் தள்ளியிருக்கும் இடங்கள், அந்த வயதுக்குள் ஒன்றோடொன்று ஒளியைக்கூடப் பரிமாறியிருக்க முடியாது. ஆனால் வானம் முழுக்க ஒரே வெப்பநிலை. தனித்தனி அறையில் உட்கார்ந்த இரண்டு மாணவர்கள் சொல்லுக்குச் சொல் ஒரே விடையை எழுதினால், முன்பே சந்தித்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்போம்? வீக்கக் கோட்பாடும் அதையே சொல்கிறது. எல்லாம் முதலில் ஒட்டி உறவாடிய ஒரு சிறு இடமாக இருந்தது. ஒரு நொடியின் கோடானுகோடியில் ஒரு பங்குக்குள், 1க்குப் பின் 26 சுழியங்கள் போட்ட அளவுக்காவது, அது ஊதிப் பெருத்தது.

இதோடு நின்றிருந்தால், ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குச் சொன்ன சமாதானம் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் கோட்பாடு ஒரு படி மேலே போனது. வீக்கத்தின்போது இருந்த குவாண்டம் நடுக்கங்களும் (மிக நுண்ணிய அளவில் எப்போதும் இருக்கும் ஏற்ற இறக்கங்கள்) சேர்ந்தே ஊதப்பட்டு, நுண்ணலைப் பின்னணியில் சூடும் குளிருமான புள்ளிகளாகப் பதிந்திருக்கும் என்றது. 1992இல் கோபி செயற்கைக்கோள் அவற்றைக் கண்டது: வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நடுக்கங்கள் எல்லா அளவிலும் ஒரே வலிமையில் இருந்தால் அதற்கான எண் சரியாக 1. எளிய வீக்க மாதிரிகளோ, பெரிய அளவுகளில் கொஞ்சம் கூடுதலாகவும் சிறியவற்றில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும், எனவே எண் 1க்குச் சற்றுக் கீழே வரும் என்றன. பிளாங்க் செயற்கைக்கோள் 2018இல் தந்த இறுதி அளவீடு 0.965. பிழை வரம்பு 0.004 மட்டுமே. அளப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே சொல்லப்பட்ட அந்தச் சின்னச் சரிவு அங்கே இருக்கிறது. வீக்கத்தை நான் முதலிடத்தில் வைப்பதற்கு இந்த ஓர் எண்ணே முக்கியக் காரணம்.

போட்டியில் அடுத்து நிற்பது துள்ளல் அண்டம். முன்பு சுருங்கிக்கொண்டிருந்த ஓர் அண்டம் ஒரு கட்டத்தில் திரும்பி விரியத் தொடங்கியதே நாம் பெருவெடிப்பு என்பது. பழைய யோசனைதான். 1930களில் ரிச்சர்ட் டோல்மன் இதை ஆராய்ந்தபோதே ஒரு தடை தெரிந்தது: ஒவ்வொரு சுற்றிலும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுவதால் சுற்றுகள் நீண்டுகொண்டே போகும், பின்னோக்கிப் போனால் குறுகிக் குறுகி, மறுபடியும் ஒரு தொடக்கத்தில்தான் போய் முட்ட வேண்டியிருக்கும். 2001இல் ஸ்டைன்ஹார்ட், நீல் டூராக், ஜஸ்டின் குரி, பர்ட் ஓவ்ரட் ஆகியோர் எக்பைரோட்டிக் மாதிரி என்ற புது வடிவத்தைத் தந்தார்கள். வீக்கக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரே அதன் கடுமையான விமர்சகராக மாறியது இந்தத் துறையின் ஆரோக்கியத்தைக் காட்டுகிறது. மெதுவான சுருக்கமே அண்டத்தைச் சமன்படுத்திவிடும் என்பது இவர்கள் வாதம். 0.965ஐ இவர்களாலும் வரவைக்க முடியும். பலவீனம், துள்ளும் அந்தக் கணம்தான். சுருங்குவது ஏன் நொறுங்கிப் போகாமல் திரும்புகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் இயற்பியல் இன்னும் இல்லை. அபய் அஷ்டேகர் முதலியோரின் வளைய குவாண்டம் அண்டவியல், மீயடர்த்தியில் ஈர்ப்பே விலக்கு விசையாக மாறும் என்று ஒரு வழி காட்டுகிறது. வழி நன்றாக இருக்கிறது, சோதனை இன்னும் வரவில்லை.

இரண்டையும் பிரிக்கும் இடம் ஆதி ஈர்ப்பு அலைகள், அதாவது வெளியும் காலமும் சேர்ந்து அதிர்ந்த பழைய அலைகள். வீக்கம் நடந்திருந்தால் அவை உண்டாகியிருக்க வேண்டும், நுண்ணலைப் பின்னணியின் தளவிளைவில் (ஒளி அலைகள் அதிரும் திசையில்) சுழல் வடிவம் ஒன்றை விட்டுப்போயிருக்க வேண்டும். எக்பைரோட்டிக் மாதிரியில் அவை கண்ணில் படாத அளவுக்குத் துச்சம். 2014 மார்ச் 17 அன்று தென்துருவத்தில் இயங்கிய பைசெப்2 குழு, சுழல்களைக் கண்டுவிட்டோம் என்று அறிவித்தது. ஈர்ப்பு அலைகளின் வலிமையை அடர்த்தி நடுக்கங்களோடு ஒப்பிட்ட விகிதம் 0.2 என்றது. ஓராண்டுக்குள் பிளாங்க் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, நமது பால்வீதியின் தூசுத் துகள்கள் காந்தப்புலத்தில் வரிசைப்பட்டு உமிழும் அலைகளே அந்தச் சுழலை விளக்கப் போதுமானவை என்று தெரிந்தது. 2021 கணக்குப்படி விகிதம் 0.036க்கும் கீழே. லிண்டே 1983இல் சொன்ன மிக எளிய வீக்க வடிவம் இதில் அடிபட்டுப்போனது.

சரி, வீக்கமே வென்றாலும் தொடக்கம் பற்றிய கேள்வி தீர்ந்துவிடாது. சராசரியாக விரிந்துகொண்டே இருக்கும் எந்த அண்டத்தையும் கடந்த காலத்துக்குள் முடிவில்லாமல் நீட்ட முடியாது என்று 2003இல் போர்ட், குத், விலென்கின் நிறுவினார்கள். அதனால்தான் விலென்கின் 1982இல் சொன்ன ஒன்றுமின்மையிலிருந்து குவாண்டம் ஊடுருவல் (கடக்க முடியாத தடையையும் குவாண்டம் விதிகள் தாண்டவிடுவதால் அண்டம் தோன்றுவது), 1983இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் சொன்ன விளிம்பில்லா அண்டம் ஆகியவை தேவைப்படுகின்றன. பின்னோக்கிப் போகப் போகக் காலமே வெளியைப் போல நடந்துகொள்ளும், ஆகவே தொடக்க விளிம்பு என்று ஒன்று இருக்காது என்ற ஹார்ட்டில்–ஹாக்கிங் எண்ணம் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று. ஆனாலும் என் கேள்விக்கு அதனிடம் தெளிவான பதில் இல்லை. துள்ளலுக்குக் கீழேதான் அதை வைப்பேன்.

ரோஜர் பென்ரோஸின் சுழற்சி அண்டம் வேறு ரகம்: ஒரு யுகம் சுருங்காமல் விரிந்துகொண்டே போய், அதன் முடிவே அடுத்த யுகத்தின் பெருவெடிப்பாகும். முந்தைய யுகத்தின் தடயம் நுண்ணலைப் பின்னணியில் ஒருமைய வட்டங்களாகத் தெரிகிறது என்று 2010இல் அவரும் வாஹே குர்சாத்யானும் சொன்னார்கள். மற்றவர்கள் வழக்கமான மாதிரியின் கணினிப் போலிகளில் தேடியபோதும் அதே மாதிரி வட்டங்கள் கிடைத்தன. துணிந்து சோதனைக்கு வந்ததைப் பாராட்டுகிறேன், இதுவரை தேறவில்லை.

அடுத்த தீர்ப்பு, சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள சைமன்ஸ் ஆய்வகம், ஜப்பான் திட்டமிடும் லைட்பேர்ட் செயற்கைக்கோள் போன்றவற்றிடமிருந்து வர வேண்டும். 0.01 அளவில் சுழல்கள் உறுதியானால் எக்பைரோட்டிக் கதை முடிந்தது. ஸ்டாரோபின்ஸ்கியின் பழைய மாதிரி சொல்வது சுமார் 0.003. அதற்கும் கீழே போய்த் தேடியும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த மாதிரியும் விழும். ஆனால் இன்னும் சிறிய எண்ணைத் தரும் வீக்க மாதிரிகள் அப்போதும் மிச்சமிருக்கும். முன்னணியில் இருக்கும் கோட்பாட்டோடு எனக்குள்ள தீராத வழக்கு இது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் மொத்த வீக்கத்தையும் கைவிடுவது என்பதை, அளவீடு வருவதற்கு முன்பே அதன் ஆதரவாளர்கள் சொல்லிவிட வேண்டும்.