இதயநோயும் மூச்சுநோயும் உள்ளவருக்கு மின்னதிர்வு சிகிச்சை: ஒரு மருத்துவமனையின் சேவை பற்றிய மதிப்பீடு

மண்டபம், கீழக்கரை, தொண்டி பக்கத்துக் குடும்பங்களில் மனநோய் முற்றிய ஒருவருக்கு மின்னதிர்வு சிகிச்சை (மயக்க நிலையில் தலையில் சிறிதளவு மின்சாரம் செலுத்தி, மூளையில் சிறிது நேர வலிப்பை உண்டாக்கும் ECT) தேவை என்று மருத்துவர் சொன்னால், 'கரண்ட் வைக்கவா?' என்று கேட்டுப் பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். நோயாளிக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருந்தாலோ, பீடியால் நுரையீரல் கெட்டிருந்தாலோ, மீதிப் பேரும் 'நெஞ்சு தாங்காது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விசைப்படகில் காலம் கழித்த என் மூத்த அண்ணனுக்கு இந்த இரண்டு நோயும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், இன்ஹேலர் இல்லாமல் வெளியே போவதில்லை. கடும் மனச்சோர்வில் பேச்சையும் சாப்பாட்டையும் அவர் நிறுத்திவிட்ட நிலையில், மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைப் பெற்றோம். குறைகளையும் எழுதப்போவதால் மருத்துவமனையின் பெயரைச் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால், எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் எனக்கு நம்பிக்கை தந்தது, அவர்கள் 'ஆபத்தே இல்லை' என்றும் சொல்லவில்லை, 'முடியாது' என்றும் சொல்லவில்லை என்பதுதான். மின்தூண்டல் கொடுத்தவுடன் சில நொடிகள் நாடித் துடிப்பு குறையும், சிலருக்குச் சற்று நின்றும் போகலாம். அடுத்து வலிப்பு தொடங்கியதும் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒருசேர ஏறிச் சில நிமிடங்களில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அண்ணனுடைய இதயம் தாங்குமா என்பதைத்தான் முன்கூட்டிப் பார்க்க வேண்டும் என்று மனநல மருத்துவர் விளக்கினார். அண்மையில் வந்த மாரடைப்பு, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, கடுமையான வால்வுச் சுருக்கம் ஆகியவை இருந்தால், முதலில் அவற்றைச் சரிசெய்து நிலைப்படுத்திய பிறகே இதைப் பற்றி யோசிப்பார்களாம். மாத்திரையே போதாதா என்று கேட்டேன். பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் சில இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவை, புதியவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், சாப்பிடாமல் கிடப்பவருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்ற பதில் எனக்கு நியாயமாகப் பட்டது.

இந்தச் சேவையின் சிறந்த பகுதி என்று நான் கருதுவது மயக்க மருத்துவர் செய்த முன்பரிசோதனையை. ஈசிஜி, எக்கோ, மார்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை எல்லா இடத்திலும் எடுப்பார்கள். இவரோ நாங்கள் கொண்டுபோன மாத்திரைப் பையைக் கட்டில்மேல் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் பார்த்தார். மூச்சிரைப்புக்காக அண்ணன் மருந்துக்கடையில் தானாகவே வாங்கிச் சாப்பிட்டுவந்த தியோஃபிலின் வகை மாத்திரை அதில் இருந்தது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது இந்தச் சிகிச்சை கொடுத்தால் வலிப்பு நிற்காமல் நீளக்கூடும் என்று சொல்லி, நுரையீரல் மருத்துவரிடம் பேசி அதை நிறுத்தி, இன்ஹேலரை ஒழுங்குபடுத்தினார். தூக்கத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த மாத்திரை வலிப்பையே வரவிடாமல் தடுக்கும் என்பதால் அதையும் படிப்படியாகக் குறைத்தார்கள். பல நாள் படுக்கையிலேயே கிடந்தவருக்குத் தசைகளைத் தளர்த்தும் சக்ஸினைல்கோலின் ஊசி போட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும் என்பதற்காகப் பொட்டாசியம் அளவையும் தனியாகப் பார்த்தார்கள். இவ்வளவு நுணுக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சிகிச்சை நாளன்று நள்ளிரவுக்குப் பின் உணவு கிடையாது. ஆனால் இதய மாத்திரைகளை ஒரு வாய் தண்ணீருடன் கொடுத்துவிட்டார்கள். வெறும் வயிறு என்றால் எல்லா மாத்திரைக்கும் விடுமுறை என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை மட்டும் இதற்கு விலக்கு, அதை வெறும் வயிற்றில் கொடுப்பதில்லை. அறைக்குள் போகும் முன் இன்ஹேலர் இழுக்க வைத்து, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து, அதன் பிறகே மயக்க ஊசி போட்டார்கள். தசைத் தளர்ச்சி மருந்தால் மூச்சும் சில நிமிடங்கள் நிற்கும். அந்நேரம் பையை அழுத்திக் காற்று செலுத்துவது நுரையீரல் கெட்டவருக்கு உயிர்நாடியான வேலை. அதை மயக்க மருத்துவர் யாரிடமும் ஒப்படைக்காமல் தாமே செய்தார் என்று உள்ளே இருந்த செவிலியர் சொன்னார். நாடி இறங்கினால் போட அட்ரோபினும், அழுத்தம் ஏறினால் போட எஸ்மோலாலும் தயாராக இருந்தன. வலிப்பு ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. முதல் நாள் அழுத்தம் ஏறிய அளவைக் குறித்துவைத்து, அடுத்த முறை மருந்தின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள்.

கூட வந்த உறவினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது வேறு கேள்வி: 'கட்டிப் போடுவார்களா?' ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் மாண்டுபோன மாவட்டம் எங்களுடையது. அந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. தசைகள் தளர்ந்திருப்பதால் உடம்பு தூக்கிப் போடுவதில்லை, கட்ட வேண்டிய தேவையும் இல்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இந்தச் சிகிச்சை அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. இதை மருத்துவமனைதான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உறவினர்களுக்குச் சொன்னது நான்.

குறை தொடங்கும் இடமும் அதுதான். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. புரியும் மொழியில் நன்மை, தீமை, மாற்றுவழி ஆகியவற்றை விளக்கிப் பெறுவதே ஒப்புதல் என்று அதே சட்டம் சொல்லும்போது, கடற்கரைக் கிராமத்தவர்கள் நிறைய வரும் இடத்தில் தமிழில் ஒரு தாள் அச்சடிப்பது பெரிய செலவல்ல. ஞாபக மறதியைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்கள். சிகிச்சை நடந்த வாரங்களும் அதற்குச் சற்று முந்தைய நாட்களும் அண்ணனுக்குக் கலங்கலாகவே இருக்கின்றன. முன்பே விரிவாகச் சொல்லியிருந்தால் அண்ணி அவ்வளவு பயந்திருக்கமாட்டார். மயக்க மருத்துவருக்கான கட்டணம் தனி என்பது பில் போடும்போதுதான் தெரிந்தது. இதய மருத்துவரின் கருத்தைப் பெற வேறொரு நாள் வேறொரு வரிசையில் நிற்க வைத்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய நோயாளிக்கு இந்த மருத்துவர்கள் எல்லோரும் ஒரே நாளில் பார்த்துப் பேசிக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதியே. சிகிச்சை முடிந்து கண்விழிக்கும் அறையில் கட்டில்களுக்கிடையே திரைதான் இருக்கிறது. தன் முறைக்காகக் காத்திருப்பவர் முனகல் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி துப்புரவிலும் சாப்பாட்டிலும் குறை இல்லை.

பலன் பற்றிச் சொல்வதானால், வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வீதம் 6 முதல் 12 முறை வரை கொடுக்கப்படும் சிகிச்சை இது. அண்ணனுக்கு இடையிலேயே மாற்றம் தெரிந்தது. 'தங்கச்சி, இந்தக் கஞ்சியில உப்பே இல்ல' என்று அவர் குறை சொன்ன நாளில், வார்டு செவிலியர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தார். வயிறு காய்ந்த நிலையில் மண்டபத்திலிருந்து மதுரைவரை ஒவ்வொரு முறையும் பயணிப்பது மூச்சுநோயாளிக்கு ஆகாது என்று உள்நோயாளியாகவே வைத்துக்கொண்டது சரியான முடிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சேர்த்ததால் துணைக்கு ஆண்களும் கிடைத்தார்கள். மற்ற மாதங்களில் இது எல்லா வீட்டிலும் நடக்காது.

சிகிச்சை நின்றபின் மருந்தில்லாமல் விட்டால் நோய் திரும்புவது மிகவும் சகஜம். நோய் திரும்பாமல் தடுக்க லித்தியம் என்ற மருந்தைத் தரலாமா என்று யோசித்த மருத்துவர், இதயத்துக்காக அண்ணன் சாப்பிடும் நீர் பிரியும் மாத்திரையோடு சேர்ந்தால் லித்தியத்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும் என்று கைவிட்டு, வேறு மாத்திரை எழுதினார். காரணத்தையும் டிஸ்சார்ஜ் தாளில் குறித்திருக்கிறார். உள்ளூரில் பார்க்கும் மருத்துவருக்கு அது உதவும். இதய, நுரையீரல் கோளாறுள்ளவரை அழைத்துப் போக இந்த மருத்துவமனையை நான் பரிந்துரைப்பேன். போகிறவர்கள் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய எக்கோ அறிக்கையையும், ஸ்டென்ட் வைத்த தேதி உள்ள தாளையும் கொண்டுபோக வேண்டும்; கட்டணம் முழுவதையும் சேரும்போதே எழுதித் தரச்சொல்லிக் கேட்க வேண்டும்.