பாடநூல் வரிசையா, ராண்டிலிருந்து தொடங்குவதா?

வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பேரியல் பொருளியலை, அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய பாடத்தை, எங்கிருந்து தொடங்குவது? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார இறுதி வகுப்பு எடுக்கும் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாடநூலின் வரிசை: நாட்டு வருமானக் கணக்கு, நுகர்வு, பெருக்கி (கூடுதல் செலவு மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்), ஐஎஸ்-எல்எம் (வட்டியும் வருமானமும் எங்கே நிலைகொள்ளும் என்று காட்டும் இரு கோட்டு வரைபடம்), வேலையின்மை, பணவீக்கம், கடைசியில் நாணய மாற்று விகிதம். மற்றது, இந்நாட்டு நாணயமான ராண்டின் மதிப்பையும் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பையும் முதல் வகுப்பிலேயே எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் போவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதனால் இதை நடுநிலை அலசல் என்று சொல்லமாட்டேன்.

பாடநூல் வரிசையின் நன்மைகளை விளக்க வேண்டியதில்லை. தேர்வுத்தாள் அந்த வரிசையில்தான் வருகிறது. கணக்குகள் எளியதிலிருந்து கடினத்துக்குப் போகின்றன. ஆசிரியருக்கும் தயாரிப்பு வேலை குறைவு.

சிக்கல் பெருக்கியில் தொடங்குகிறது. நூறு ராண்டு கூடுதலாகக் கிடைத்தால் எண்பதைச் செலவழிப்போம் என்று வைத்துக்கொண்டால், வரியும் இறக்குமதியும் இல்லாத மூடிய பொருளாதாரத்தில் பெருக்கி 5. அரசு ஒரு கோடி செலவழித்தால் வருமானம் ஐந்து கோடி கூடும் என்று மாணவர் எழுதிக்கொள்கிறார். அதே கணக்கில் 25 சதவீத வரியையும், வருமானத்தில் 30 சதவீதம் இறக்குமதிக்குப் போவதையும் சேர்த்துப் பாருங்கள்: பெருக்கி ஏறக்குறைய 1.4 ஆகச் சுருங்கிவிடுகிறது. இவை வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனாலும் ஐந்து எங்கே, ஒன்றரைகூட இல்லாதது எங்கே! முதல் மாதம் மனத்தில் பதிந்த ஐந்தை ஆண்டின் இறுதியில் அழிப்பது லேசான வேலை அல்ல.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது பெருக்கி அல்ல, ராண்டுதான். என் மாணவர்களில் பலர் டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளின் கடைக்காரர்களின் பிள்ளைகள். மசாலாக் கடை வைத்திருப்பவரின் மகள் ஒருமுறை கேட்டாள்: "சார், இந்தியாவில் மிளகாய் விலை ஏறவில்லை. அப்பா மட்டும் ஏன் விலைப்பட்டியலை மாற்றினார்?" பலகையில் கணக்குப் போட்டோம். சரக்கு பில் 10,000 டாலர். டாலருக்கு 14.50 ராண்டு என்றால் 1,45,000 ராண்டு, 16.50 என்றால் 1,65,000. மிளகாய் அதே மிளகாய். இருபதாயிரம் ராண்டு கூடுதல். பெட்ரோலும் இப்படித்தான். இங்கே அதன் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறுகிறது. உலகச் சந்தை விலையும் டாலருக்கு எதிரான ராண்டின் மதிப்பும் அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஆகவே பணவீக்கம் என்ற அத்தியாயத்தை நாணய மாற்று விகிதம் இல்லாமல் நடத்தினால் பாதிக் காரணம் விடுபட்டுப்போகும்.

2015 டிசம்பர் 9 அன்று நிதியமைச்சர் நிலான்லா நேனே பதவி நீக்கப்பட்டார். ராண்டு சரிந்தது. நான்கு நாட்களுக்குள் பிரவின் கோர்தன் அந்தப் பதவிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அந்தச் சரிவை ஐஎஸ்-எல்எம் வரைபடத்தில் எந்தக் கோட்டை நகர்த்தி விளக்குவது? உள்நாட்டுச் சேமிப்பு போதாமல் வெளிநாட்டு முதலீட்டை நம்பியிருக்கும் நாட்டில், முதலீட்டாளரின் நம்பிக்கை குலைந்தால் ராண்டு முதலில் விழுகிறது. விலைகள் பின்னால் ஏறுகின்றன. வட்டி அதைத் துரத்துகிறது. இந்தச் சங்கிலி புரிந்த மாணவருக்குச் செலுத்துநிலை (வெளிநாடுகளோடு நடக்கும் பண வரவு செலவு) அத்தியாயம் வெறும் கணக்கேடாகத் தெரியாது.

வட்டியையும் இதே பாதையில் நடத்தலாம். ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு ஆறு முறை முடிவு அறிவிக்கிறது. வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2020இல் 3.5 சதவீதத்துக்கு இறங்கி, 2023 மே மாதத்தில் 8.25க்கு ஏறியது. வங்கிகள் வாடிக்கையாளர் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் விகிதம் அதைவிட 3.5 புள்ளி அதிகம். பத்து லட்சம் ராண்டு வீட்டுக்கடனை 20 ஆண்டுகளுக்கு பிரைம் விகிதத்தில் வாங்கியவரின் மாதத் தவணை சுமார் 7,750இலிருந்து 10,840 ஆனது. இந்த ஒரு கணக்கு முடிந்ததும், வட்டி ஏறினால் கடைகளில் வியாபாரம் ஏன் படுக்கிறது என்று நான் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

என் வழிக்கு விலையும் உண்டு. குறிப்புகளை ஓயாமல் புதுப்பிக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு தொடங்கிய 3 முதல் 6 சதவீதப் பணவீக்க இலக்கு, 2025 நவம்பரில் 3 சதவீதமாகவும் அதன் இருபுறமும் ஒரு புள்ளி இடைவெளியாகவும் மாற்றப்பட்டது. என் பழைய தாள்களில் பாதி ஒரே நாளில் காலாவதியாயின. பாடநூல் மட்டும் என்ன, அடுத்த பதிப்பு வரும்வரை பழைய இலக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கும் பணம் கட்டவேண்டும். வங்கியின் அறிக்கையோ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

வேலையின்மைக்கு மட்டும் என் வரிசை அவ்வளவாக உதவவில்லை. 30 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் வேலையின்மையை ராண்டைக் கொண்டு விளக்க முடியாது. நிறவெறி ஆட்சி ஊருக்கு வெளியே தள்ளிய குடியிருப்புகள், பள்ளிக்கல்வியின் நிலை, வேலைக்குப் போகும் பஸ் செலவு என்று அது தனிப் பாடமாகவே வருகிறது. பொருளாதாரம் சீராக இருக்கும்போதும் மிஞ்சும் வேலையின்மையைக் குறிக்கும் பாடநூலின் 'இயற்கை வேலையின்மை' என்ற கருத்தும் அங்கே கைகொடுக்கவில்லை.

பொருளியலிலேயே உயர்படிப்புக்குப் போகிறவர்களுக்கு எது நல்லது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் என்னிடம் மிகச் சிலரே வந்தார்கள். அவர்களுக்கு வரைபடங்களின் கட்டுக்கோப்பு முன்னதாகவே தேவைப்படலாம். கணக்கியல், சந்தைப்படுத்தல், குடும்ப வியாபாரம் என்று போகிறவர்களுக்கு முதல் நான்கு வாரங்களை ராண்டுக்கும் வட்டிக்கும் கொடுத்து, பெருக்கியை இறக்குமதியோடு சேர்த்தே ஐந்தாம் வாரத்தில் தொடங்குகிறேன். தேர்வுக்கு முந்தைய மாதம் பாடநூலின் வரிசைக்கே திரும்பி, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கிறோம்.