கூகுள் ஸ்காலர்: கட்டுரை தேடுவதற்குச் சரி, மருத்துவரை எடைபோடுவதற்கு?

இலவசம், வேகம், யாருடைய அனுமதியும் வேண்டாம். 2004 முதல் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரைப் பாராட்ட இந்த மூன்றே போதும். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்க அதைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எங்கள் குழந்தையின்மைச் சிகிச்சை மருத்துவர்கள் தங்கள் பக்கத்தைத் திறந்ததும் கட்டுரைகளைப் பார்ப்பதில்லை. வலது ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்க்கிறார்கள். "மேடம், இதை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொடுங்கள்" என்கிறார்கள். என் மனத்தாங்கல் முழுவதும் அந்த ஓரத்தோடுதான்.

அங்கே இருக்கும் எச்-இண்டெக்ஸ், ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் சொன்ன கணக்கு. இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் 20. பாராட்டி மேற்கோள் காட்டினாலும் ஒன்று, "இது தவறு" என்று நிரூபித்துக் காட்டினாலும் ஒன்றுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் 2003-இல் 'ஃபெர்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி' இதழில் இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரையைத் தேடுங்கள். சோதனைக் குழாய் முறைக்கு முந்தைய மாதவிடாய்ச் சுழற்சியில் மெல்லிய குழாயால் கருப்பையின் உட்சுவரைச் சற்றுக் கீறிவிட்டால் கருத்தரிப்பு வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்றது அது. கீறப்பட்டவர்கள் 45 பேர், கீறப்படாதவர்கள் 89 பேர். உலகமெங்கும் கீறத் தொடங்கினார்கள்; காசும் வாங்கினார்கள். 2019-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 1,364 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு வந்தது. குழந்தை பிறந்த விகிதம் கீறியவர்களிடம் 26.1 சதவீதம், கீறாதவர்களிடமும் 26.1 சதவீதம். வலியும் செலவும்தான் மிச்சம். இந்த மறுப்பையும் சேர்த்துத்தான் பழைய கட்டுரையின் மேற்கோள் கணக்கு ஏறியிருக்கிறது.

அதே ஸ்காலர்தான் இந்தக் கதையை எனக்குக் காட்டியும் கொடுத்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மேற்கோள் எண்ணைச் சொடுக்கினால், அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்ட எல்லாக் கட்டுரைகளும் வரிசையாக வரும். அவற்றுக்குள் மட்டும் தேடவும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. 2019-க்குப் பிறகு என்று ஆண்டைச் சுருக்கிக்கொண்டு தேடினால், பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது புலப்பட்டுவிடும். அந்தக் கட்டத்தை எங்கள் மருத்துவர்களில் பாதிப் பேர் தொட்டதே இல்லை.

நம் பெயர்கள் வேறு பாடுபடுத்தும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும் மட்டுமே உள்ளவர்களுக்குக் குடும்பப் பெயர் எது? ஒரு மகப்பேறு மருத்துவரின் பட்டியலில் கெண்டை மீன் சினைப்படுத்துதல் பற்றிய கட்டுரை உட்கார்ந்திருந்தது. ஒரே முதலெழுத்து, ஒரே பெயர். இனப்பெருக்கம் என்னவோ இனப்பெருக்கம்தான்! கருவியைக் குறை சொல்லமாட்டேன். தன் பட்டியலைத் தானே சரிபார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்கிட் (ORCID) அடையாள எண் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரிதும் குறையும், அதுவும் இலவசம்தான்.

எண்ணில் அகப்படாதவர்களும் உண்டு. கொல்கத்தாவின் சுபாஷ் முகோபாத்யாய் உறையவைத்த கருவைப் பயன்படுத்தி 1978 அக்டோபர் 3 அன்று பெண் குழந்தை பிறக்கச் செய்தார். உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்து இரண்டு மாதங்களும் சில நாட்களுமே ஓடியிருந்தன. அவர் அதை எழுதியது இந்தியக் கிரையோஜெனிக்ஸ் இதழில், அதாவது குளிர்நிலைப் பொறியாளர்கள் படிக்கும் இதழில். அரசுக் குழு அவரை நம்பவில்லை. 1981-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தையே நாட்டின் முதல் சோதனைக் குழாய் குழந்தை என்று பதிவானது. அந்த மும்பைக் குழுவின் விஞ்ஞானி ஆனந்த் குமாரே பிறகு முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். தன் குழுவின் பெருமையை விட்டுக்கொடுத்து எழுதிய அப்படி ஒரு கட்டுரைக்கும் ஸ்காலரில் ஒரு வரிதான்.

ஆகவே கட்டுரை தேட ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்; ஆளை எடைபோட ஒன்றரை. மருத்துவரின் ஆய்வுத் தாக்கத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால் மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான பப்மெட்டையும் பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அதில் தலைப்புக்கு அருகிலேயே கண்ணில் அறைவதுபோல் அறிவிப்பு இருக்கும். பெண்கள் நலத்துறையில் 35 மருத்துவச் சோதனைகளின் தரவு நம்பத்தக்கதா என்று 2020-இல் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பிய பிறகு, இதைப் பார்க்காமல் நான் எந்தப் பட்டியலையும் கொடுப்பதில்லை. பிறகு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் (iCite) என்ற இணையக் கருவி. அது ஒரே துறைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு எண் தருகிறது. அவர்கள் நிதியளித்த சராசரிக் கட்டுரைக்கு 1. சிகிச்சைக் கட்டுரைகள் எத்தனை இதைக் குறிப்பிட்டிருக்கின்றன என்று தனியாகவும் காட்டும். குழந்தையின்மை மருத்துவருக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான். குறை என்னவென்றால், பப்மெட்டில் ஏறாத இதழ் அதன் கண்ணில் படாது; கிரையோஜெனிக்ஸ் இதழில் எழுதுகிறவர் அதிலும் அகப்படமாட்டார்.