பீரா, வெர்மூத்தா, ஜின்னா: வடசென்னை வெயிலில் எது தாங்கும்?

ஐரோப்பிய பாணி பார் என்றதும் நினைவுக்கு வருவது ஒரு நீள ஷெல்ஃப். கீழ்த்தட்டில் ஜெர்மன், பெல்ஜிய பீர்கள், நடுவில் ஜின்னும் பிராந்தியும் விஸ்கியும், மேல்தட்டில் இத்தாலிய வெர்மூத் என்ற மூலிகை ஒயினும் கசப்பு மதுக்களும். மிலானிலோ மியூனிக்கிலோ அது சரி. புரசைவாக்கத்திலோ பெரம்பூரிலோ ஓர் ஓட்டல் பாரில் அதே ஷெல்ஃபை அப்படியே நிறுத்தினால், ஒரு கோடை தாண்டுவதற்குள் பாதிச் சரக்கு பெயருக்குத்தான் இருக்கும், ருசி போயிருக்கும்.

ருசியில் எது உயர்ந்தது என்பது அவரவர் நாக்கு. கிடைப்பதைப் பற்றியும் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் மது மொத்த வியாபாரம் 1983 முதல் டாஸ்மாக் கையில்தான் என்பதால், அந்தப் பட்டியலில் வருவதை வைத்துத்தான் எல்லோரும் மெனு போட வேண்டும். முடிவைப் புரட்டிப் போடுவது ஒரே விஷயம்: வாங்கிய சரக்கு எத்தனை நாள் தாங்கும், மூடி திறந்த பிறகு எத்தனை நாள் நிற்கும். அதை வைத்துப் பார்த்துத்தான் எங்கள் தேர்வு ஜின், பிராந்தி பக்கம் போனது. பீர் இரண்டே வகை போதும். வெர்மூத் சிவப்பில் ஒன்று, அதுவும் சின்ன பாட்டில்.

முதலில் பீர். பீர் தொழிலில் இருப்பவர்கள் 3-30-300 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 32 டிகிரி சூட்டில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். இந்த மூன்றும் பீருக்குச் செய்யும் சேதம் ஏறக்குறைய ஒன்றே. தோராயக் கணக்குதான், ஆனால் நம் ஊருக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடையாது. கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத குடோனில் ஒரு வாரம் கிடந்த பெட்டியை அப்புறம் எவ்வளவு குளிர வைத்தாலும் போன ருசி திரும்பாது. "அண்ணா, கூலிங்கா இருக்கா?" என்று கேட்பவருக்கு அந்த நிமிடக் குளிர்ச்சி கிடைத்துவிடும். பழைய வாசனையை அந்தக் குளிர் மறைக்கும், அவ்வளவுதான். பாதி கிளாஸ் ஆனதும் குளிர் குறைய, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை மேலே வரும். சூட்டில் கிடந்த பீரின் அடையாளம் அது.

இன்னொரு எதிரி வெளிச்சம். பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது. அந்தக் கசப்புச் சத்து வெயில் பட்டால் உடைந்து கந்தக நாற்றமாக மாறும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் தடுக்காது. ஆகவே பச்சை பாட்டிலை அழகுக்காக ஜன்னலோரம் அடுக்குவதும், விளக்கு எரியும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் முன்வரிசையில் வாரக்கணக்கில் நிறுத்துவதும் கூடாது. கேன் கிடைத்தால் கேனே மேல்.

இரண்டு வகை போதும் என்றோம். ஒன்று பில்ஸ்னர். 1842-ல் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பில்சென் நகரில் யோசஃப் கிரோல் காய்ச்சிய பொன்னிற லாகர் பீரின் வாரிசு. 5 முதல் 7 டிகிரியில் கொடுத்தால் காசிமேட்டு வஞ்சிரம் வறுவலின் எண்ணெயையும் காரத்தையும் ஒரு மிடறில் கழுவிவிடும். மற்றது கோதுமை பீர். அதில் வரும் வாழைப்பழ, கிராம்பு வாசனைக்குக் காரணம் ஈஸ்ட், சேர்த்த மசாலா அல்ல. பெல்ஜியத்து வெள்ளை பீரில் மட்டும் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுகிறார்கள். கோதுமை பீரை ஊற்றும்போது கடைசி இரண்டு விரல் அளவை பாட்டிலிலேயே நிறுத்தி, ஒரு சுழற்று சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு கிளாஸில் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பாதிப் பணம் பாட்டிலோடு போகிறது. ஆல்கஹால் 8 சதவீதத்துக்கு மேலான பெல்ஜிய மடாலய பீர்களை இந்த ஊரில் வருடக்கணக்கில் வைத்துப் பார்த்த அனுபவம் எங்களுக்குக் குறைவு, ஆகவே அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

நுரை நிற்கவில்லை என்று பீரைக் குறை சொல்வதற்கு முன் கிளாஸைப் பாருங்கள். மீன் வறுவல் தட்டு துடைத்த துணியாலேயே கிளாஸையும் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் நுரையைக் கொன்றுவிடும். சோதிப்பது சுலபம். உள்பக்கம் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் சீரான படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாக ஒட்டி நின்றால் எண்ணெய் இருக்கிறது. பீர் ஊற்றிய பிறகு கிளாஸின் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது வெர்மூத். ஆசைப்பட்டு வாங்கி அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இது ஜின், பிராந்தி போலக் காய்ச்சி வடித்த ஸ்பிரிட் இல்லை. மூலிகை ஊறவைத்து, கொஞ்சம் ஸ்பிரிட் சேர்த்து உரமேற்றிய ஒயின். 1786-ல் டூரின் நகரில் கார்ப்பானோ விற்கத் தொடங்கியது முதல் அதன் அடிப்படை மாறவில்லை. ஐரோப்பியச் சட்டப்படி முக்கால் பங்கு ஒயின் இருக்க வேண்டும், ஆல்கஹால் 14.5 முதல் 22 சதவீதத்துக்குள். அந்த அளவு ஆல்கஹால் காற்றோடு சண்டை போடப் போதாது. மூடி திறந்த நாளிலிருந்து ஒயின் எப்படிச் சாகுமோ அப்படித்தான் இதுவும், கொஞ்சம் மெதுவாக. ஃபிரிட்ஜில் வைத்தால் சிவப்பு இனிப்பு வெர்மூத் ஒரு மாதம், வெள்ளை டிரை வகை இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். ஷெல்ஃபிலேயே விட்டால், நம் ஊர்ச் சூட்டில், ஒரு வாரம் கழித்து மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மூலிகை வாசம் மங்கி, வெட்டி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாசனை வரும். நாள் ஆக ஆக நிறம் பழுப்பேறி, புளித்த நெடியும் சேரும்.

இதைக் கணக்காகவே போடலாம். 1919-ல் ஃபிளாரன்ஸில் பிறந்ததாகச் சொல்லப்படும் நெக்ரோனி காக்டெயிலுக்கு ஜின், கம்பாரி என்ற இத்தாலியக் கசப்பு மது, சிவப்பு வெர்மூத் மூன்றும் தலா 30 மி.லி. ஒரு 750 மி.லி. வெர்மூத் பாட்டில் 25 நெக்ரோனிக்கு வரும். வாரத்துக்கு மூன்று விற்றால் மாதத்துக்கு 12 அல்லது 13. அதாவது ஒரு மாதம் முடியும்போது பாட்டிலில் பாதி இருக்கும், ஆனால் அதன் ஆயுள் முடிந்திருக்கும். மீதி 12 பேருக்குக் கெட்டதை ஊற்றுவதா, சாக்கடையில் ஊற்றுவதா? நெக்ரோனி வாரத்துக்கு ஆறுக்கு மேல் போகாத பாரில் பெரிய பாட்டில் திறப்பது நஷ்டம். 375 மி.லி. கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், திறந்த அன்றே நன்றாகக் கழுவி உலர்த்திய சின்ன பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி, காற்றுக்கு இடமில்லாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடியில் திறந்த தேதியை மார்க்கரால் எழுத வேண்டும். எழுதாத தேதியை யாரும் நினைவில் வைப்பதில்லை. வயதாகிப்போன, ஆனால் புளிக்காத வெள்ளை வெர்மூத்தை சமையலறைக்குக் கொடுத்தால் பூண்டோடு இறால் வதக்க உதவும்.

கம்பாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆல்கஹாலும் சர்க்கரையும் அதிகம், மாதக்கணக்கில் நிற்கும். விஸ்கியில் பால் கிரீம் கலந்த ஐரிஷ் கிரீம் வகைதான் இன்னொரு கண்ணி. அதை 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அறை வெப்பமே அதற்கு மேல். ஃபிரிட்ஜில் இடமில்லாவிட்டால் மெனுவிலும் வேண்டாம்.

ஜின்னுக்கு வந்தால் மனசு நிம்மதியாகிறது. ஐரோப்பாவில் ஜின் என்று சொல்ல 37.5 சதவீதம் இருந்தால் போதும். இங்கே காய்ச்சும் மதுக்களில் வழக்கமாகக் காணும் அளவு 42.8 சதவீதம், பழைய ஆங்கிலேய அளவில் 75 டிகிரி புரூஃப். இந்த அளவில் எதுவும் புளிக்காது, கெடாது. மூடி திறக்காத பாட்டில் வருடக்கணக்கில் நிற்கும். திறந்த பிறகும் ஃபிரிட்ஜ் வேண்டாம், கரண்ட் போனால் கவலை வேண்டாம். இரண்டே கட்டுப்பாடு: பாட்டிலை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்க வைத்தால் ஸ்பிரிட் கார்க்கை அரிக்கும்; கால்வாசிக்குக் கீழே இறங்கிய பாட்டிலை மாதக்கணக்கில் விட்டால் ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிபர் காயின் வாசனை மங்கும், ஆகவே அதை முதலில் தீர்க்க வேண்டும். 45 மி.லி. ஊற்றினால் ஒரு 750 பாட்டில் 16 கிளாஸ். பீருக்கும் வெர்மூத்துக்கும் போடும் கழிவுக் கணக்கு இங்கே ஏறக்குறைய பூஜ்யம்.

ஜின்னோடு கலக்கும் டானிக் தண்ணீரின் கசப்பு நமக்குப் புதிதல்ல. மலேரியாவுக்கு நம் தாத்தா பாட்டிகள் முகம் சுளித்து விழுங்கிய கொய்னா, அதாவது குயினைன்தான் அது. அதற்கான சின்கோனா மரங்களை 1860களில் நீலகிரியில் நட்டார்கள். ஆனால் ஜின் டானிக்கில் கெடக்கூடியது இருந்தால் அது டானிக்தான். 30 டிகிரித் தண்ணீர் பிடித்து வைக்கும் கேஸ், 5 டிகிரித் தண்ணீர் பிடிப்பதில் பாதிகூட இல்லை. வெதுவெதுப்பான டானிக்கை ஐஸ் மேல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி, கேஸ் எல்லாம் காற்றோடு போய், சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். பெரிய பாட்டில் வாங்கி மூடி மூடித் திறப்பதும் அதே விளைவு. 300 மி.லி. கேன் அல்லது சின்ன பாட்டில், அதுவும் முந்தின இரவே ஃபிரிட்ஜில். ஒரு கேன் இரண்டு கிளாஸுக்கு. திறந்தால் அந்த ஆர்டரோடு தீர வேண்டும்.

செய்முறை: கிளாஸின் விளிம்பு வரை ஐஸ். நாலு கட்டி போட்டால் சீக்கிரம் உருகி நீர்த்துவிடும். நிறைய போட்டால் ஒன்றையொன்று குளிர்த்து மெதுவாக உருகும். 45 மி.லி. ஜின். கிளாஸைச் சாய்த்து ஓரமாக 150 மி.லி. டானிக். நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்கினால் போதும், கிளறக் கூடாது. எலுமிச்சையை அந்த நேரத்தில் வெட்டி ஒரு துண்டு. காலையில் பிழிந்த சாறு இரவுக்குள் கசந்துவிடும். உருகும் ஐஸோடு சேர்த்தால் கிளாஸில் ஆல்கஹால் சுமார் 9 சதவீதம். ஒப்பிட ஒரு கணக்கு: 8 சதவீத 650 மி.லி. பீர் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், 60 மி.லி. பெக் இரண்டுக்குச் சமம். "பீர்தானே" என்று நினைப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஐஸ் விஷயத்தில் வடசென்னைக்கென்று தனிக் கவனம் தேவை. கடலோரத்து போர் தண்ணீரில் உப்பு இருக்கும். அந்த உப்பு ஐஸில் இறங்கி, உருகும்போது பானத்துக்குள் வரும். ஆர்.ஓ. தண்ணீரில்தான் உறைய வைக்க வேண்டும். மீன், இறால் வைக்கும் டீப் ஃப்ரீசரிலேயே ஐஸ் தட்டையும் வைத்தால் கட்டி அந்த வாசனையைக் குடித்துவிடும்; தனி ஃப்ரீசர், இல்லாவிட்டால் மூடியுள்ள டப்பா. துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் பாளம் மீனுக்கானது, கிளாஸுக்குள் வரவே கூடாது.

ஜின்னைத் தொடாதவர்கள் நம் பக்கம் நிறைய. பிராந்தி கேட்பவரிடம் ஐரோப்பிய மெனுவைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. பிராந்தியே ஐரோப்பியச் சரக்குதான். அங்கே ஒயினைக் காய்ச்சி வடித்தால்தான் பிராந்தி என்று எழுத முடியும். இங்கே மலிவு வகைகளில் பெரும்பாலும் கரும்புச் சக்கைப்பாகு ஸ்பிரிட். லேபிளைப் படித்து, திராட்சை ஸ்பிரிட் என்று இருப்பதை எடுங்கள். 45 மி.லி. பிராந்தி, 120 மி.லி. குளிர்ந்த ஜிஞ்சர் ஏல் (இஞ்சிச் சுவை சோடா), கிளாஸ் உயரத்துக்குச் சுருளாகச் சீவிய எலுமிச்சைத் தோல். ஹார்ஸஸ் நெக் என்று பெயர். நம் எலுமிச்சையின் தோல் மெல்லியது, சீவும்போது அறுந்து போகும். தடித்த தோலுள்ள பெரிய பழமாகப் பொறுக்கி, உருளைக்கிழங்கு சீவும் பீலரால் மேலிருந்து கீழாக நிறுத்தாமல் சீவினால் முழுச் சுருள் வரும். தோலின் வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் கசக்கும், கத்தியைப் படுக்கவைத்து அதை வழித்துவிடுங்கள்.